மூன்றாம் லயம், ஆறாம் கதவு

போன மாதம் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் என் அம்மாவுக்குப் பரீட்சை நடந்தது. கேள்வி கேட்டவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். நம் தமிழ்ப் பிள்ளைதான், மரியாதையாகப் பேசினார். இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி, எந்த மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. மூன்றுக்குமே பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

“செவுத்துல அவ்ளோ பெரிய காலண்டர மாட்டி வச்சிருக்கீங்க. அப்புறம் எங்கிட்ட ஏன்லா கேக்குறீங்க?” என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டு மூன்று பெயர்களைச் சொன்னார். ஆப்பிள், மேசை, சாவி. ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து அம்மாவிடம் ஆப்பிள் மட்டும்தான் மிச்சமிருந்தது. டாக்டர் காகிதத்தில் என்னவோ குறித்தார். அப்படிக் குறிப்பதைப் பார்த்ததும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஆப்பிளு, மேசைன்னு கிண்டர் புள்ளைய கேக்குற மாதிரி கேக்காதம்மா. நான் சொல்றேன், எழுதிக்க. மொத லயம், மொத கதவு...”

அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்துதான். முப்பது வருடத்துக்கும் முன்னால் இடித்துத் தரைமட்டமாக்கிய ஒரு தோட்டத்தின் அறுபது கதவுகளையும், ஒன்றன்பின் ஒன்றாக, குடியிருந்தவர் யார், பிள்ளைகள் எத்தனை, வாசலில் என்ன மரம் என்று சொல்லிக்கொண்டே போனார். டாக்டரின் பேனா அப்படியே நின்றுவிட்டது. வெளியே அடுத்த நோயாளி இருமிக்கொண்டிருந்தார். ‘போதும்மா’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூட மேடையில் சொந்தப் பிள்ளை பேசுவதைக் கேட்கிற தாயைப் போல நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“மூணாவது லயம். அஞ்சாவது கதவு எங்க வீடு. ஆறாவது, ஐஸ் அக்கா வீடு. எம் பெரிய மவ கல்யாணத்துக்கு நாந்தான் அவ பேர சொல்லி எழுத வச்சேன். இதோ, இவ வேணாம்னா. நான் விடல.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்படித்தானா அக்கா?” என்று கேட்டார். அவருக்கு உண்மை தேவை. மருந்து அதைப் பொறுத்தது.

“அப்படியேதான்” என்றேன்.

அது பொய். அம்மா மீதியெல்லாம் சரியாகத்தான் சொன்னார், அந்த ஒரு கதவைத் தவிர. உள்ளபடி நடந்ததை அறிந்தவர்களில் அப்பா இல்லை, மாமா இல்லை, ஐஸ் அக்காவும் போய் மூன்று வருடமாகிறது. நான் ஒருத்திதான் மிச்சம். ஆகவே எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் செமோரிலிருந்து மலைப்பக்கமாக உள்ளே போகும் சாலையில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் கதவு வைத்த வீடுகளுக்கு லயம் என்று பெயர். அப்படி ஆறு லயம். என் ஆறாவது வயதில் நிலத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். எல்லாரும் சிதறிப் போனோம். சிலர் செமோரிலேயே, சிலர் ஈப்போவில், சிலர் காம்பாரில், சிலர் கமுந்திங்கில். நாங்கள் செமோரில் ‘ரூமா முரா’ என்று எல்லாரும் சொல்லும் மலிவு வீடுகளில் ஒன்றுக்கு வந்தோம். அம்மா பால் எடுக்க மரம் வெட்டுவதை விட்டுவிட்டுக் கையுறை பேக்டரிக்குப் போனார். அப்பா வேறொரு பேக்டரியில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்த்தார். தோட்டத்தை நினைத்து அம்மா ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. அட்டைக்கடியும் பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூசும் யாருக்கு வேண்டும் என்பார். ஆனால் அந்த அறுபது கதவுகளும் அவர் மண்டைக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தன என்பது எங்களுக்கே அக்காவின் கல்யாணம் வந்தபோதுதான் தெரிந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. என் ஞாபகசக்தியைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் பள்ளி ஆசிரியர்கள் பதினோரு பேருடைய கார் நம்பர்களும் எனக்கு மனப்பாடம். அவர்களில் இரண்டு பேருக்கு அவரவர் நம்பரே தெரியாது. மாநிலங்களின் தலைநகர்களை முன்னாலிருந்தும் சொல்வேன், பின்னாலிருந்தும் சொல்வேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வீட்டுக்கு வரும் கடிதம், சொல்லி அனுப்பும் செய்தி, கடைச் சாமான், தொலைபேசி எண் எல்லாம் என் பொறுப்பு. தோட்ட ஆபீசில் பேர் எழுதுகிறவரைக் கிராணி என்பார்கள். அப்பா எனக்குக் கிராணியம்மா என்று பட்டம் கொடுத்திருந்தார். கிண்டலாகத்தான் கொடுத்தார். நான் பதவியாகவே எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பேச்சு வந்தது. தோட்டத்து ஆட்களில் ஒருவரை விட்டுவிட்டாலும் போதும், சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அப்பா பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, தாமே எழுதப்போவதாக அறிவித்தார். அப்பாவின் ஞாபகம் ஆட்களை அவரவர் கதையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. ஒரு பெயர் வந்தால் ஒரு கதை வரும். கதை முடிவதற்குள் அடுத்த பெயர் ஓடிப்போயிருக்கும். இரண்டு சாயங்காலங்களில் இருபத்திரண்டு பெயர் தேறியது. அதில் பதினோரு பேர் தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழு.

“நகருங்க” என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுப்படித் தரையில் பேப்பரை விரித்து, நெத்திலியைக் கொட்டி, தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே அம்மா ஆரம்பித்தார். கண் பாதி மூடியிருந்தது.

“மொத லயம், மொத கதவு. தண்ணிப் பைப்புக்குப் பக்கத்துல. மண்டோரு வீடு. எழுதுனியா? ரெண்டாவது கதவு. நாய் இருக்கு, பாத்து.”

அந்த நாய் செத்தே எத்தனையோ காலமாகியிருக்கும். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, அவர் அங்கே நடந்துகொண்டிருந்தார். இரண்டாவது லயத்தில் ஒரு கதவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். உள்ளே ஈளைக்காரர் இப்போதுதான் கண் அசந்திருப்பார் என்றார். ஒவ்வொரு கதவிலும் யாரோ ஒருவர் வெளியே வந்து அம்மாவிடம் தம் பெயரைக் கொடுத்துவிட்டு உள்ளே போவது போல அவ்வளவு ஒழுங்காக வந்தன பெயர்கள்.

ஒரேயொரு குறை. நடுவில் எங்கேயாவது தொட்டால் அம்மாவுக்கு வராது. “நாலாவது லயத்துல ஏழாவது யாரும்மா?” என்று சோதிப்பதற்காகக் கேட்டேன். அந்த லயத்தின் முதல் கதவிலிருந்து நடந்து வந்துதான் பதில் சொன்னார். வேண்டிய பாட்டுக்குக் கேசட்டை முதலிலிருந்து ஓட்டுகிற கதைதான். எனக்கு அப்படி இல்லை. பத்தாவது ஆசிரியரின் கார் நம்பர் என்றால் பட்டென்று பத்தாவது நம்பர் வரும். அம்மாவைவிட நமக்கு ஒரு படி மேல் என்று அப்போதே மனத்துக்குள் மார்க் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது லயத்துக்கு வந்தோம். நான்கு கதவு சரியாக வந்தது. ஐந்தாவது எங்கள் வீடு. அங்கே அம்மா நின்றார். கை மட்டும் வேலை செய்தது. மூன்று நெத்திலி, நான்கு நெத்திலி. பிறகு, “ஏழாவது கதவு, தையக்காரம்மா” என்றார்.

“ஆறாவது?”

“எழுதிட்டியா? எட்டாவது...”

நான் மறுபடி கேட்கவில்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சொந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்மாவுக்கு அடி தவறிவிட்டது, பாவம். ஆறாவது கதவை எனக்கு நன்றாகவே தெரியும். நீலக் கதவு. எங்கள் லயத்திலேயே குளிர்ப்பெட்டி வைத்திருந்த ஒரே வீடு. அங்கே இருந்த அக்கா, ரோஜா நிறத்துச் சிரப்பை நீளமான பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறைய வைத்து விற்பார். எனக்கு மட்டும் சும்மா தருவார். அம்மா வெளிக்காட்டுக்கு மரம் வெட்டப் போயிருக்கும் காலை நேரங்களில் எனக்குத் தலை வாரிவிட்டதும் அவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பட்டியலில் அப்படியே எழுதினேன். ஐஸ் அக்கா குடும்பத்தினர். நல்ல கிராணி என்றால் முதலாளி விட்டதையும் சேர்த்து எழுதுகிறவர்தானே.

எனக்குத் தெரியாமல் இருந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தை விற்றபோது, ஏதோ கொஞ்சம் கொடுத்து எல்லாரையும் காலி செய்யச் சொன்னார்கள். அறுபது குடும்பமும் கோயில் முன்னால் கூடி, அத்தனை பேருக்கும் வீடு என்று எழுத்தில் வரும்வரை ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்தது. பெண்கள் தரப்பில் முன்னால் நின்றவர் என் அம்மா. தம் பெயரை எழுதத் தெரியாத அவர், ஆபீஸ் வாசலில் நின்று, எழுதிய காகிதத்தைக் காட்டு என்று துரையையே கேட்டாராம். ஏழு மாதம் தாக்குப்பிடித்தார்கள். ஒரு காலையில் மூன்றாவது லயத்து ஆறாவது கதவின் முன்னால் ஒரு லோரி நின்றது. அந்த வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு செங்கல் கழன்றால் பிறகென்ன, இரண்டே மாதத்தில் அறுபதும் போயிற்று. லோரி நகர்ந்தபோது அம்மா தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம்: “இனிமே எங்க லயத்துல ஆறாவது கதவே கிடையாது.” அப்படிச் சொன்னவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்பதும் அறுபது குடும்பத்துக்கும் தெரியும்.

அழைப்பிதழ் வந்தது. முகவரி எழுதுவதும் என் வேலைதான். யார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆகவே எல்லாக் கார்டிலும் பழைய முகவரியையே எழுதினேன். முதல் லயம் முதல் கதவு, முதல் லயம் இரண்டாம் கதவு என்று, எங்கள் வீடு போக, எந்தத் தபால்காரராலும் கண்டுபிடிக்க முடியாத ஐம்பத்தொன்பது முகவரிகள். பக்கத்தில் இருந்தவர்களை அப்பாவும் அம்மாவும் வெற்றிலைத் தட்டோடு நேரில் போய் அழைத்தார்கள். காம்பார், கமுந்திங் பக்கத்து ஆட்களை மாமாவிடம் விட்டார்கள். மாமா அம்மாவின் தம்பி, கமுந்திங்கில் பேக்டரி பஸ் ஓட்டுகிறவர். யார் எந்தக் குடியிருப்புத் தாமானில் இருக்கிறார்கள் என்பது பேராக் மாநிலம் முழுக்க அவருக்கு அத்துப்படி.

கார்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த மாமா ஒன்றைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“இத உங்கம்மா சொல்லித்தான் எழுதுனியா?”

“ஆமா” என்றேன். பட்டியல் அம்மாவுடையது, கார்டு பட்டியலில் இருந்து எழுதியது, ஆகவே ஆமாம். என் கணக்கில் அதில் பிசகே இல்லை.

மாமா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா உள்ளே எதையோ தாளித்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் கண் கலங்கியது போல இருந்தது. மிளகாய் நெடி என்று நினைத்தேன். அந்த ஒரு கார்டை மட்டும் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் பேசாத. இத நானே நேர்ல கொண்டு போயி கொடுக்கிறேன்” என்றார்.

கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. என் அக்காதான் உங்களை மறக்காமல் கூப்பிட்டு வரச் சொன்னார் என்று தம் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தும் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்களைச் சேர்த்துவைப்பதில் மாமாவுக்கு இருந்த ஆசை அப்படி.

கல்யாணம் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில், காலை முகூர்த்தம். அம்மா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார், நான் பக்கத்தில் கற்கண்டுத் தட்டோடு நின்றேன். தோட்டத்து ஆட்கள் வர வர அம்மா பெயரையும் லயத்தையும் சேர்த்தே சொல்லி வரவேற்றார். அவர்களில் பலர் நான்கு வருடம் பார்க்காதவர்கள். “நாலாவது லயம், ரெண்டாவது கதவு! வாங்க, வாங்க” என்று அவர் சொல்லும்போது பெரிய பெரிய ஆண்களெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். உள்ளே போனவர்கள் யாரும் சொல்லாமலே லயம் லயமாக உட்கார்ந்துகொண்டதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் ஐஸ் அக்கா வந்தார். தனியாக வந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கையில் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி, அதன்மேல் என் கையெழுத்தில் கார்டு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதோ, விட்டுப்போன கதவைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன், அம்மா இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று திரும்பினேன்.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நெஞ்சு இறங்கிவிட்டது. எங்கேயோ பெரிதாகத் தப்புச் செய்திருக்கிறேன் என்று மட்டும் புரிந்தது. எங்கே என்று புரியவில்லை. மண்டபத்துக்குள் பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. தோட்டத்தில் எல்லாரையும் வேலை வாங்கிய மண்டோர் எழுந்தே நின்றுவிட்டார். நாதஸ்வரக்காரர் மட்டும் ஒன்றும் அறியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஐஸ் அக்கா கார்டை நீட்டினார். “அன்னைக்கு சைன் போட்டது எங்க வீட்டுக்காரருதான்க்கா. லோரி வந்து நின்னப்பதான் எனக்கே தெரியும். உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சு” என்றார். பிறகு கார்டில் இருந்த பெயரைத் தொட்டுக்காட்டி, “இந்தப் பேரு இந்தப் புள்ள வச்சது, எனக்குத் தெரியும். ஆனா கூப்பிட்டது நீங்கதானேக்கா? நீங்க கூப்பிடலன்னா சொல்லிடுங்க. நான் இப்படியே பஸ் ஏறி போயிருவேன்” என்றார்.

மண்டபம் முழுக்க அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிடவில்லை என்றால் உண்மை. சொன்ன சொல்லும் நிற்கும். கூப்பிட்டேன் என்றால், ஏழு மாதம் உறுதியாக நின்ற பெண் பிள்ளை இவள்தானா என்று அத்தனை பேர் முன்னாலும் ஆகிவிடும். நான் ஒரு கிராணியின் கடமையைச் செய்ய வாயைத் திறந்தேன். ‘அம்மா சொல்லல, நானாத்தான் எழுதினேன்’ என்று சொல்லப்போனேன். ‘அம்மா சொ’ வரைக்கும் வந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், தட்டில் இருந்து ஒரு கைப்பிடி கற்கண்டை அள்ளி என் வாயில் அடைத்தார்.

“மூணாவது லயம், ஆறாவது கதவு” என்றார் அம்மா. துரையிடம் காகிதம் கேட்ட குரல் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும், கடைசி வரிசைவரை கேட்டது. “நாந்தான் எழுதச் சொன்னேன். என் வீட்டுச் செவுரும் இவ வீட்டுச் செவுரும் ஒரே செவுரு. இவள விட்டுட்டு எப்படி எம் மவளுக்குக் கல்யாணம் பண்றது?”

ஐஸ் அக்காவின் நெற்றியில் தாமே சந்தனம் வைத்து, கையைப் பிடித்து, எங்கள் குடும்பம் உட்காரும் முன் வரிசைக்கே கூட்டிக்கொண்டு போனார். மண்டோர் மெதுவாக உட்கார்ந்தார். மூன்றாவது லயத்து ஆட்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நான் கற்கண்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ பெரிய மனிதர்கள் மேடையில் பேசிப் பார்த்துவிட்டேன். அன்று அந்த வாசலில் என் அம்மா நின்ற நிற்பு எனக்கு யாரிடமும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சம்பவம் அம்மாவின் வாயில் வளர்ந்தது. முதல் ஒன்றிரண்டு வருடம், “இவ எழுதிப்புட்டா, நானும் போனா போகுதுன்னு விட்டுட்டேன்” என்று அப்பாவிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்குப் பிள்ளைகள் பிறந்த காலத்தில், “நாங்க ரெண்டு பேரும் சேந்து எழுதினோம்” என்று ஆனது. எனக்குக் கல்யாணமானபோது, “நான் சொன்னேன், இவ எழுதுனா” என்றானது. அப்பாவின் காரியத்துக்கு ஐஸ் அக்கா வந்து எங்களோடு தங்கியிருந்த நாட்களில், நான் வேண்டாம் என்று அடம்பிடித்ததாகவும், அம்மா என்னைத் திட்டி எழுத வைத்ததாகவும் கதை முடிந்த முடிவாகிவிட்டது. ஐஸ் அக்காவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஆரம்பத்தில் நான் மறுத்துப் பேசியிருக்கிறேன், கோபம்கூடப் பட்டிருக்கிறேன். அம்மா பொய் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு முறை ஊரறியச் சொன்னதற்கு ஏற்றபடி அவர் வாழ்ந்தார், ஞாபகமும் மெல்ல மெல்ல அவர் பக்கம் வந்து சேர்ந்துகொண்டது.

நானும் இப்போது பெரிதாக வாயைத் திறக்க முடியாது. கைப்பேசியின் ரகசிய எண்ணை மறந்து மகளிடம் கேட்கிறேன். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். கல்யாண நாளில் அம்மா பச்சைச் சேலை கட்டியிருந்தார் என்று சத்தியம் செய்வேன், படத்தில் அது அரக்கு நிறமாக இருக்கிறது. ஐஸ் அக்கா வீட்டுக் கதவு நீலமே இல்லை என்கிறாள் என் அக்கா. இவ்வளவு ஓட்டையோடு இருந்தாலும், அந்தக் கல்யாணத்தன்று சாயங்காலம் நடந்தது மட்டும் எனக்கு வார்த்தை வார்த்தையாக இருக்கிறது.

அக்கா புருஷன் வீட்டுக்குப் போயாகிவிட்டது. அம்மா அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பிரம்பு எங்கே இருக்கிறது என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நான் போய் நின்றேன். அம்மா அடிக்கவில்லை. அந்தக் கார்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

“அந்த வீட்டப் பத்தி உனக்கு என்னாடி ஞாபகம் இருக்கு?” என்று கேட்டார்.

ஐஸ், சிரப்பின் நிறம், தலை வாரும்போது வலிக்காமல் சிக்கெடுக்கும் கை, எல்லாம் சொன்னேன்.

“வேற? லோரி வந்துச்சே, அன்னைக்கு நீ என் கைய புடிச்சிக்கிட்டுதானே நின்ன?”

யோசித்துப் பார்த்தேன். “ஐஸ் பெட்டிய கயித்துல கட்டி ஏத்துனாங்க. நான் அழுதேன்” என்றேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வெகுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அடி விழாத காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். அம்மா என்னை எழுதவே சொல்லவில்லை. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் தாம்தான் சொன்னதாகச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் தாம் எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்பதே அவருக்கு நினைவில்லை. நாற்பது வயதிலேயே மறதி வந்துவிட்டது. நினைக்க நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. இனிமேல் நாம்தான் இவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அம்மா என்னைக் கடைக்கு அனுப்ப, சீனி, உப்பு, கடுகு என்று சொன்னார். அவருடைய நன்மைக்காக, எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன், நிதானமாக, ஒன்றையும் விடாமல். அம்மா இன்னொரு முறை சொன்னார். அதற்குப் பிறகும் வருடக்கணக்காக, நான் கேட்டபோதெல்லாம் இரண்டிரண்டு முறை சொன்னார். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை.